திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஹாம் ரேடியோ சாட்டிலைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ சாட்டிலைட்டுகள் பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உட்கார்ந்து எழுதியவை. பாதி நமக்கும் பொருந்தும். மீதிப் பாதி பொருந்தாது, ஏனென்றால் நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரிக்குள் இருக்கிறோம். நம் தலைக்கு மேலே சாட்டிலைட்டுகள் போகும் கணக்கே வேறு. பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர், திருச்செந்தூர்ப் பக்கம் புதிதாக இதில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு நம்மூர்க் கணக்கில் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஹாம் சாட்டிலைட் என்றால் என்ன?

ரேடியோவைப் பொழுதுபோக்காகவும் படிப்பாகவும் பழகுகிற, உரிமம் பெற்ற தனிமனிதர்களுக்காக விண்ணில் விடப்பட்ட ரிப்பீட்டர். நீங்கள் ஒரு அலைவரிசையில் அனுப்புவதை வாங்கி, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் கீழே பரப்பும். 600 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சாட்டிலைட்டுக்கு நாலாபுறமும் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் வரை தெரியும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் எவரும் உங்கள் குரலைக் கேட்கலாம், பதிலும் சொல்லலாம்.

இது நேற்று முளைத்த விஷயமில்லை. ஸ்புட்னிக் பறந்து நாலு வருடத்தில், 1961 டிசம்பர் 12 அன்று, ஓஸ்கார்-1 என்ற முதல் ஹாம் சாட்டிலைட் மேலே போனது. மோர்ஸில் 'ஹாய்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே சுற்றியது.

மாதச் சந்தா உண்டா?

கிடையாது. வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது, ரகசியக் குறியீட்டிலும் பேசக் கூடாது. நீங்கள் பேசுவதை ஊரே கேட்கும், அவ்வளவுதான்.

உரிமம் இல்லாமல் தொடங்கலாமா?

பேச முடியாது. அனுப்பும் வசதியுள்ள வாக்கி-டாக்கியை வாங்கி வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். ஆன்லைனில் மலிவாக வருகிறதே என்று முதலில் கருவியை வாங்கிவிட்டு அப்புறம் பரீட்சையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

பரீட்சையை நடத்துவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில். ரேடியோ அடிப்படை, விதிமுறைகள் என்று இரண்டு பகுதி. ரெஸ்ட்ரிக்டட் வகுப்புக்கு மோர்ஸ் தேவையில்லை, ஜெனரல் வகுப்புக்கு உண்டு. ஜெனரல் வகுப்புக்காரர்களின் கால் சைன் (உரிமத்தோடு வரும் அழைப்புப் பெயர்) வழக்கமாக வியூ2 என்றும், ரெஸ்ட்ரிக்டட் வகுப்பினருடையது வியூ3 என்றும் தொடங்கும். பத்தாம் வகுப்பு இயற்பியலை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இந்தப் பரீட்சை ஒரு மலையே இல்லை. உரிமம் கைக்கு வர ஆகும் நேரம்தான் பொறுமையைச் சோதிக்கும். அந்தக் காத்திருப்பைக் காது பழக்கப் பயன்படுத்துங்கள்.

சரி, முதலில் எதைக் கேட்பது?

சந்தேகமே வேண்டாம், சர்வதேச விண்வெளி நிலையம். அதில் அலைபரப்பி வலுவானது, தாழ்வாகவும் பறக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி எஸ்டிஆர் ரிசீவரும் (கணினியோடு சேர்ந்து வேலை செய்யும் குட்டி ரேடியோ) ஒரு லேப்டாப்பும் போதும். 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி வீரர்களின் குரலும், சில நாட்களில் எஸ்எஸ்டிவி படங்களும் (ஒலியாக மாற்றி அனுப்பும் அசையாப் படங்கள்) வரும். 145.825-இல் பாக்கெட் தரவு (சின்னச் சின்ன எழுத்துச் செய்திகள்), 437.800-இல் குரல் ரிப்பீட்டர்.

நேரத்தை எந்த சாட்டிலைட் டிராக்கர் செயலியும் சொல்லிவிடும். ஊரை மட்டும் சரியாகக் கொடுங்கள். திருநெல்வேலி டவுனில் நின்று பார்த்தால் விண்வெளி நிலையம் இரண்டே விதமாகத்தான் போகும். ஒன்று, களக்காட்டுப் பக்கம் எழுந்து விளாத்திகுளம் பக்கம் இறங்கும். இல்லையென்றால் தென்காசிப் பக்கம் எழுந்து திருச்செந்தூர்ப் பக்கம் இறங்கும். இந்த இரண்டு கோடுகளையும் மனதில் வைத்துக்கொண்டால் திசைகாட்டியைத் தேடவே வேண்டாம்.

சாட்டிலைட் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பதுதான் ஒரு பாஸ். அது தொடங்கும்போது ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடைத்து வைக்கும் வசதி) முழுதாகத் திறந்து வையுங்கள். முதலில் வெறும் இரைச்சல். நிலையம் தொடுவானத்துக்கு மேல் வந்ததும் அந்த இரைச்சல் மெல்ல அடங்கும். குரல் வருவதற்கு முன்பே இந்த அடங்கல் வரும், அதைப் பிடித்துக்கொள்ளக் காது பழக வேண்டும். அப்புறம் துண்டு துண்டாக ஒரு கால் சைன், பிறகு தெளிவாக ஒரு முழு வாக்கியம். நல்ல பாஸ் என்றால் பத்து நிமிடம். எஸ்எஸ்டிவி நாட்களில் போனை ஸ்பீக்கர் அருகே வைத்து, படம் பிரிக்கும் செயலியைத் திறந்துவிட்டால் போதும். பிடி120 முறையில் ஒரு படம் வர இரண்டு நிமிடம் ஆகும், கோடு கோடாகத் திரையில் இறங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

விண்வெளியிலிருந்து முதன்முதலில் ஹாம் ரேடியோவில் பேசியவர் ஓவன் கேரியட், 1983-இல், கொலம்பியா விண்கலத்திலிருந்து. 2025 ஜூலையில் நம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து இந்திய மாணவர்களோடு பேசியதும் இதே ஹாம் ரேடியோவில்தான்.

ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு ஆகுமா?

ஆகாது. இரும்புக்கடையில் கிடைக்கும் ஸ்டீல் டேப், முக்கால் இஞ்ச் பிவிசி பைப், ஹோஸ் கிளிப். இந்த மூன்றையும் வைத்து 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மூன்று எலிமென்ட் யாகி, அதாவது ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனா, செய்துவிடலாம். உலகம் முழுக்க ஹாம்கள் செய்து பார்த்த அளவு இது: பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர் 105 செ.மீ., முன்னால் இருக்கும் டைரக்டர் 89 செ.மீ., நடுவில் கேபிள் சேரும் எலிமென்ட் 45 செ.மீ. அளவில் இரண்டு துண்டு, அவற்றுக்கிடையே இரண்டரை செ.மீ. இடைவெளி. ரிஃப்ளெக்டரிலிருந்து நடு எலிமென்ட் 20 செ.மீ., அங்கிருந்து டைரக்டர் 32 செ.மீ. நடுத் துண்டுகள் இரண்டையும் இணைத்து யூ வடிவில் வளைத்த சின்னக் கம்பி ஒன்று உண்டு. கேபிளின் மின்மறுப்போடு (இம்பீடன்ஸ்) ஆன்டெனாவைப் பொருந்த வைப்பது அதுதான், விட்டுவிடாதீர்கள்.

சால்டர் வைக்கும் இடத்தில் டேப்பின் மஞ்சள் பெயின்டை எமரி தாளால் வெள்ளி பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். பெயின்ட் மேலேயே சால்டர் வைத்தால் பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், ஆட்டினால் கையோடு வந்துவிடும். வெட்டிய நுனி பிளேடு மாதிரி கிழிக்கும், இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

70 சென்டிமீட்டர் பேண்டுக்கு (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) குட்டியாக இன்னொரு யாகி வேண்டும். இரண்டையும் ஒரே பைப்பில் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டு சும்மா நிற்காமல் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சாட்டிலைட் உருளும்போது அதன் அலையின் சாய்வும் மாறும், ஒரு கால் திருப்பில் சத்தம் இரண்டு மடங்காகும்.

அலைவரிசையை நடுநடுவே மாற்றச் சொல்கிறார்களே, ஏன்?

டாப்ளர். சாட்டிலைட் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை ஏறிக் கேட்கும், விலகும்போது இறங்கும். 2 மீட்டரில் இது மூன்றரை கிலோஹெர்ட்ஸ்தான், எஃப்எம்மில் கண்டுகொள்ள வேண்டாம். 70 சென்டிமீட்டரில் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஆகவே 437.800-க்கு, 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து மெமரி போட்டு வைத்து மேலிருந்து கீழே இறங்கி வாருங்கள். குரல் கரகரக்கத் தொடங்கினால் அடுத்த மெமரிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உரிமம் வந்தபிறகு எதில் பேசலாம்?

கையில் 5 வாட் வாக்கி-டாக்கி இருந்தால் எஃப்எம் சாட்டிலைட்டுகள். விண்வெளி நிலையத்துக்கு 145.990-இல், 67 ஹெர்ட்ஸ் டோனோடு (குரலோடு சேர்ந்து போய் ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி) அனுப்பி, 437.800-இல் கேட்க வேண்டும். பள்ளித் தொடர்பு, எஸ்எஸ்டிவி நாட்களில் ரிப்பீட்டர் அணைந்திருக்கும். 2002 டிசம்பரில் ஏவப்பட்ட எஸ்ஓ-50-க்கு 145.850-இல் அனுப்பி 436.795-இல் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் யாராவது 74.4 ஹெர்ட்ஸ் டோனில் இரண்டு நொடி அழுத்தினால்தான் பத்து நிமிடத்துக்கு விழித்துக்கொள்ளும். பிறகு 67 ஹெர்ட்ஸ் டோனில் பேசலாம்.

எஃப்எம் சாட்டிலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கால் சைன், கிரிட் (உலக வரைபடத்தில் நம் கட்டத்தின் குறியீடு), நன்றி, அவ்வளவோடு விலகிவிடுவது மரியாதை. உங்கள் குரல் திரும்பி வருவது காதில் விழாவிட்டால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். உங்களுக்குக் கேட்கவில்லை என்றாலும் கொழும்பில் இருப்பவருக்குக் கேட்கும், அவர் பேச்சு உங்களால் அறுந்துபோகும்.

எஸ்எஸ்பி கருவி (எஃப்எம்மைவிடக் குறுகிய இடத்தில் குரலை அனுப்புவது) இருந்தால் உலகம் பெரிதாகிறது. ஆர்எஸ்-44 ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே பறப்பதால் ஒரு பாஸ் இருபது நிமிடம் வரை நீளும்; ஒரே நேரத்தில் பல பேர் தனித்தனியாக உரையாடலாம்.

நம்மூருக்கென்று தனி வசதி ஏதாவது உண்டா?

உண்டு, இதைத்தான் வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதில்லை. முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். துருவங்களைத் தொட்டுச் செல்லும் சாட்டிலைட்டுகள் பின்லாந்துக்காரருக்கு ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும். நமக்கு ஒரு நாளைக்கு நாலைந்து பாஸ்தான், அதிலும் உருப்படியானவை இரண்டு.

இப்போது நிறை. இந்தோனேசியாவின் ஐஓ-86 என்ற சாட்டிலைட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அஸ்ட்ரோசாட்டோடு ஒரே பிஎஸ்எல்வியில் போனது. 650 கிலோமீட்டர் உயரம், பூமத்திய ரேகைக்கு வெறும் 6 டிகிரி சாய்வு. ஐரோப்பாக்காரர் தலைகீழாக நின்றாலும் அவர் வானத்தில் அது எழாது. நமக்கோ ஒவ்வொரு சுற்றிலும், அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிக்கு ஒருமுறை, கேரளப் பக்கமிருந்து எழுந்து தெற்கு வானத்தின் வழியாகக் கிழக்கே போகும். எப்போதும் தெற்கேதான்; வடக்கே கட்டடம் இருந்தால் கவலையே இல்லை.

அதன் ரிப்பீட்டருக்கு 145.880-இல், 88.5 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்பி, 435.880-இல் கேட்க வேண்டும். எந்நேரமும் திறந்திருக்காது, அவர்கள் அட்டவணைப்படிதான் போடுவார்கள். சாட்டிலைட் வங்கக் கடலுக்குத் தெற்கே வந்ததும் இங்கேயும் ஜகார்த்தாவிலும் ஒரே நேரத்தில் தெரியும். சுமார் 3,600 கிலோமீட்டர், கையில் இருப்பது 5 வாட்.

அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் ஹாம் சாட்டிலைட் ஒன்று இருக்கிறதாமே?

கியூஓ-100. 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட கத்தார் நாட்டு எஸ்ஹைல்-2 சாட்டிலைட்டில் ஏறிப் போன ஹாம் கருவி. கிழக்குத் தீர்க்கரேகை 25.9 டிகிரிக்கு மேலே, புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிற்கும் முதல் ஹாம் டிரான்ஸ்பாண்டர் (வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி). அமெரிக்காவுக்குத் தெரியவே தெரியாது. நமக்கு நன்றாகவே தெரியும்.

திருநெல்வேலியிலிருந்து திசை மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே, உயரம் 30 டிகிரி. நம் டிடிஎச் டிஷ்கள் கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த டிஷ்ஷை அவற்றோடு ஒப்பிட்டால் நன்றாகவே படுக்க வைக்க வேண்டும். கேட்பதற்கு ஒரு மீட்டருக்குள் அடங்கும் டிஷ், 9750 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் உள்ள யுனிவர்சல் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் வாங்கி), அதே பழைய எஸ்டிஆர் போதும். 10489.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அலைவரிசை எல்என்பியிலிருந்து 739.5-ஆக இறங்கி வரும். எல்என்பிக்குக் கரண்ட் கொடுக்கும் இன்ஜெக்டர் தேவை, அந்தக் கரண்டை நேராக எஸ்டிஆரில் விட்டால் எஸ்டிஆர் செத்துவிடும்.

பேச 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்ப வேண்டும். உங்கள் உரிமத்தில் அந்தப் பேண்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

மேற்கே மலை மறைக்காதா?

ஊரைப் பொறுத்தது. பாளையங்கோட்டையிலிருந்து அகத்தியமலைத் தொடர் தொடுவானத்துக்கு மேல் இரண்டு மூன்று டிகிரிதான் எழும்புகிறது, இல்லாததுபோலத்தான். பாபநாசம், குற்றாலம், களக்காடு என்று அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு மேற்கே எழும் பாஸின் முதல் ஒன்றிரண்டு நிமிடம் போகும். மலையின் காலடியிலேயே வீடு இருந்தாலொழிய கியூஓ-100-ஐ மலை தொடாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டு வேப்பமரமும்தான் உண்மையில் அதிகம் மறைக்கின்றன.

காற்றாலைகளும் விஜயநாராயணம் கோபுரங்களும் தொந்தரவு செய்யுமா?

விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படை நிலையம் நீர்மூழ்கிகளோடு பேசுவது 20 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே. நாம் பேசும் அலைவரிசை அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மேலே. அந்தப் பழியைக் கோபுரத்தின் மேல் போடாதீர்கள். பணகுடி, காவல்கிணறு காற்றாலைகளும் சாட்டிலைட்டுக்குப் பெரிய பாதிப்பில்லை. அவற்றின் அடியிலேயே போய் நிற்காவிட்டால் போதும்.

உண்மையான எதிரி வீட்டுக்குள் இருக்கிறது. மலிவு எல்இடி பல்பு, சோலார் இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர். பாஸுக்கு முன் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ரிசீவரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நம்மூர் கிரிட் எது?

எம்ஜே88. கிழக்கே 76 முதல் 78 டிகிரி, வடக்கே 8 முதல் 9 டிகிரி. திருநெல்வேலி, தென்காசி, நாகர்கோவில், ஏன், திருவனந்தபுரம்கூட இதற்குள்தான். 78 டிகிரிக் கோட்டைத் தாண்டினால் எம்ஜே98: தூத்துக்குடி, திருச்செந்தூர், காயல்பட்டினம். தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம்வரை எம்ஜே88-இல் ஓடி, கடலில் சேர்வதற்குள் எம்ஜே98-க்குப் போய்விடுகிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டி எம்ஜே89.

சாட்டிலைட்காரர்களில் பலர் கிரிட் சேர்ப்பவர்கள். திருச்செந்தூருக்குச் சாமி கும்பிடப் போகும்போது கைக்கருவியையும் எடுத்துப்போய்க் கடற்கரையில் நின்றால், கிழக்கும் தெற்கும் தண்ணீர்தான், மறைப்பே இல்லை. ஒரே பாஸில் மூன்று நாலு பேர் உங்களைத் தேடி வருவார்கள்.

இந்தியாவுக்குச் சொந்தமாக ஹாம் சாட்டிலைட் இருந்ததா?

இருந்தது, நன்றாகவே இருந்தது. ஹாம்சாட், ஹாம்கள் வைத்த பெயர் விஓ-52. 42.5 கிலோ. 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில், கார்ட்டோசாட்-1 கூடவே போனது. இரண்டு டிரான்ஸ்பாண்டர், ஒன்று நம் நாட்டில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது. இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பியது 2014 ஜூலை வரை உழைத்தது. பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளும் விகாஸ் இன்ஜின் வகை சோதிக்கப்படுவது நம் மகேந்திரகிரியில் என்பதால், எனக்கு இதில் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் உண்டு.

2019 ஏப்ரல் 1 அன்று பறந்த பிஎஸ்எல்வி-சி45-இன் நாலாம் கட்டத்திலும் ஒரு ஹாம் பாக்கெட் ரிப்பீட்டர் இருந்தது. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து சின்ன ராக்கெட்டுகள் போகத் தொடங்கியதும் கல்லூரிப் பிள்ளைகள் செய்த ஹாம் சாட்டிலைட் ஒன்றும் போக வேண்டும் என்பது என் ஆசை.

செத்துப் பிழைத்த சாட்டிலைட் என்கிறார்களே, அது எது?

ஏஓ-7. 1974 நவம்பரில் ஏவியது. 1981-இல் பேட்டரி செத்து மௌனமானது. 2002 ஜூனில் திடீரென்று மறுபடி கேட்டது. பேட்டரி உள்ளுக்குள் அறுந்துபோனதால் சோலார் தகட்டிலிருந்து நேராகக் கரண்ட் போகிறது. வெயிலில் விழிக்கும், பூமியின் நிழலில் அணையும்.

2023 மாதிரி வெள்ளம் வந்தால் இது உதவுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள், பல ஊர்களில் செல்போன் இல்லை. அதனால் இந்தக் கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை.

தாழ்வாகப் பறக்கும் சாட்டிலைட்டை நம்பி மீட்பு வேலை செய்ய முடியாது. பத்து நிமிடம் வந்துவிட்டுப் போய்விடும், அடுத்தது எப்போது என்று காத்திருக்க வேண்டும். ஊருக்குள் தகவல் பரிமாற விஎச்எஃப் (2 மீட்டர் பேண்ட் போன்றவை), மாவட்டம் தாண்ட 40 மீட்டர் எச்எஃப் (சிற்றலை), அவைதான் வேலைக்காகும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த ஹாம் குழு அந்தமானுக்கும் மற்ற இடங்களுக்கும் இடையே தகவல் கடத்தியது எச்எஃப்பில்தான்.

ஆனால் மறைமுகப் பலன் ஒன்று உண்டு. வாரம் இரண்டு பாஸ் பிடிக்கிறவரிடம் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இருக்கும், கையில் தூக்கிப் போகும் ஆன்டெனா இருக்கும், அரைகுறையாகக் கேட்கும் குரலிலிருந்து கால் சைனையும் எண்ணையும் பிரித்து எழுதும் பழக்கம் இருக்கும். வெள்ளத்தில் தேவைப்படுவது இவைதான்.

தமிழில் பேசலாமா?

தாராளமாக. கால் சைனை மட்டும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி முறையில் சொல்லுங்கள், ஏனென்றால் கேட்பவர்கள் எந்த நாட்டிலும் இருக்கலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் நம் வட்டத்துக்குள் வரும் பாஸ்கள் நிறைய. யாழ்ப்பாணத்துக்காரரோ பினாங்குக்காரரோ வணக்கம் சொன்னால் உடனே ஊர்க்கதையை ஆரம்பித்துவிடத் தோன்றும். எஃப்எம் சாட்டிலைட்டில் அதற்கு இடமில்லை, பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். ஊர்க்கதைக்கு ஆர்எஸ்-44 வரும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.